குளிர்கால மலையேற்றத்துக்கு சிந்தெடிக் ஸ்லீப்பிங் பேக் போதுமா? எதைப் பார்த்து வாங்குவது?

டிசம்பர் கடைசியில் உத்தராகண்டில் கேதார்கண்டா மலை ஏறப்போவதாகவும், வாத்து இறகு அடைத்த பை விலை கட்டுப்படியாகவில்லை, சிந்தெடிக் (பாலியஸ்டர் இழை அடைத்தது) தாங்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தாங்கும். ஆனால் உறைமேல் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

என் முதல் பையில் மைனஸ் 10 என்று போட்டிருந்தது. கேதார்கண்டா வழியில் உள்ள ஜூடா கா தாலாப் முகாமில் அன்று இரவு மைனஸ் 5தான். இரண்டு மணிக்கு விழித்தவன், இருந்த சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு முழங்காலைக் கட்டியபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். ஊர் திரும்பிய பிறகுதான் உள்ளே தைத்திருந்த சின்னத் துணிச்சீட்டைப் படித்தேன்: கம்ஃபர்ட் 8, லிமிட் 4, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 10.

இந்த மூன்று எண்களும் ஐஎஸ்ஓ 23537 தரப்படி வருபவை. முன்பு இஎன் 13537 என்ற ஐரோப்பியத் தரமாக இருந்தது. சூடேற்றிய பொம்மையைப் பைக்குள் வைத்துக் குளிர் அறையில் அளக்கிறார்கள். கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் ஒருவர் உடம்பைத் தளர்த்திப் படுத்துத் தூங்கக்கூடிய குளிர். லிமிட், சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் குளிர். எக்ஸ்ட்ரீம் என்பது எப்படியோ உயிரோடு இரவைக் கடத்துவதற்கான கணக்கு. நம்மைப் போல வெயிலில் வளர்ந்தவர்கள் கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். அந்த மாதத்தில் அங்கே மைனஸ் 10 வரை இறங்கலாம். ஆகவே கம்ஃபர்ட் எண் மைனஸ் 5 அல்லது அதைவிடக் குளிரானதாக இருக்கும் பையை எடுங்கள்; மீதிக்கு உள்ளாடை, குல்லா, உலர்ந்த கம்பளி சாக்ஸ் இருக்கிறது.

சிந்தெடிக்கை நான் விரும்புவதற்கு விலை மட்டும் காரணமில்லை. நாம் விடும் மூச்சு டென்ட்டின் உட்புறத்தில் உறைபனியாகப் படியும். காலையில் வெயில் பட்டதும் அது சொட்டுச் சொட்டாகப் பைமேல் விழும். இறகு நனைந்தால் கட்டிகட்டியாகச் சேர்ந்து சூட்டை விட்டுவிடும். பாலியஸ்டர் இழை தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது. உதறி வெயிலில் போட்டால் சீக்கிரம் தேறிவிடும். பதிலுக்கு எடை ஏறக்குறைய 2 கிலோ வரும், முதுகுப்பையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கடையில் கூச்சப்படாமல் பைக்குள் படுத்துப் பாருங்கள். தோள் இறுகினால் அடைப்பு நசுங்கிக் குளிரும். கால்மாட்டில் நிறைய இடம் மிஞ்சினால் அதையும் உங்கள் உடம்புதான் சூடாக்க வேண்டும். ஜிப்பை உள்ளிருந்து கையுறையோடு இழுங்கள், துணியைக் கடிக்கிறதா என்று தெரியும். ஜிப்புக்குப் பின்னால் தடித்த பட்டையும் கழுத்தைச் சுற்றிக் காலரும் கட்டாயம்.

அப்புறம் மேட். உடம்பின் எடையில் அடியிலுள்ள அடைப்பு தட்டையாகிவிடும், எவ்வளவு நல்ல பையானாலும் தரைக்குளிர் ஏறும். பனிமேல் படுக்க, மேட் குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஆர் மதிப்பு (R-value) 4க்குக் குறையக் கூடாது. ஃபோம் மேட்மேல் காற்றடைக்கும் மேட் போட்டால் இரண்டின் மதிப்பும் கூடும்.

வாடகைக்கு எடுப்பதானால் அமுக்கிப் பார்த்து எடுங்கள். வருஷக்கணக்காகச் சுருட்டியே வைத்த பையில் அடைப்பு எழும்பி வராது. சொந்தப் பையையும் வீட்டில் சுருட்டி வைக்காமல் பீரோவில் தளர்வாகத் தொங்கவிடுங்கள்.

படுக்கும் முன் சமையல் டென்ட்டில் வெந்நீர் வாங்கி, நன்றாக மூடிய பாட்டிலைச் சாக்ஸுக்குள் போட்டு, கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை மற்றவர் பாட்டிலெல்லாம் உறைந்திருக்கும்போது உங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்கும்.