தண்ணீர்ப் பரிசோதனை வேலைக்கு மகளை அனுப்பலாமா?

நுண்ணுயிரியல் பட்டம் பெற்ற உங்கள் மகளை ஊசி மருந்துத் தொழிற்சாலையில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலைக்கு அழைத்திருக்கிறார்கள். "தண்ணீர் பிடித்துப் பார்க்கவா இத்தனை செலவு செய்து படிக்க வைத்தோம்?" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். தயங்காமல் அனுப்புங்கள் அம்மா.

பெரும்பாலான ஊசி மருந்துகளில் அதிகம் இருப்பது தண்ணீர்தான். குடிக்கும் தண்ணீரில் உள்ள பல கேடுகளை வயிறும் குடலும் தடுத்துவிடும். ரத்தக்குழாயில் ஏறும் மருந்துக்கு அந்தக் காவல் கிடையாது. கொதிக்க வைத்தால் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். ஆனால் சில பாக்டீரியாக்களின் உறையிலிருந்து கழன்று வரும் எண்டோடாக்சின் என்ற நச்சு, கொதிநீரிலும் அழியாது. அது உடம்பில் ஏறினால் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து.

இந்தப் புதிரை அவிழ்த்தவர் ஒரு பெண் என்பதை மகளிடம் சொல்லுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் செய்த ஊசி போட்டும் ஏன் காய்ச்சல் வருகிறது என்று அமெரிக்காவில் ஆராய்ந்த ஃப்ளாரன்ஸ் சைபர்ட், பாக்டீரியாவின் நச்சே காரணம் என்று 1923இல் எழுதினார். ஆவியோடு தொற்றிக்கொண்டு போகும் நுண்துளிகள்தான் அந்த நச்சைச் சுமந்து சென்றன. அந்தத் துளிகளைத் தடுக்கும் வடிகலனையும், அதாவது தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கருவியையும், அவரே வடிவமைத்தார். இன்றைய தொழிற்சாலைகளின் பெரிய வடிகலன்களிலும் ஆவியிலிருந்து துளியைப் பிரிப்பதுதான் உயிர்நாடி.

வடித்த தண்ணீரைத் தேங்க விட்டால் கிருமி மீண்டும் குடியேறும். அதனால் பல ஆலைகளில் அதைச் சுமார் 80 டிகிரி சூட்டில், துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களில் ஓயாமல் சுழல விடுகிறார்கள். எண்டோடாக்சின் ஒரு மில்லிலிட்டருக்கு 0.25 அலகைத் தாண்டக்கூடாது. 100 மில்லிலிட்டரில் வளரும் கிருமித் திட்டுகள் 10க்கு மேல் போகக்கூடாது. உங்கள் மகள் காவல் காக்கப்போவது இந்த எண்களைத்தான். மாதிரி எடுக்கும் குழாய்வாயைச் சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் நல்ல தண்ணீரும் கெட்டதாகத் தெரியும். அப்படித் தெரிந்தால், காரணம் என்ன என்ற விசாரணை முடியும்வரை மருந்தை வெளியே அனுப்ப முடியாது. கைப்பக்குவமும், கண்டதைக் கண்டபடி அப்போதே பதிவு செய்யும் நேர்மையும் வேண்டிய வேலை இது. பார்த்த முடிவை மாற்றி எழுதச் சொல்லும் இடமாக இருந்தால், எவ்வளவு சம்பளம் தந்தாலும் வெளியே வந்துவிட வேண்டும்.

தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது; இரவு ஷிப்டும் வரலாம். ஆனால் இங்கே கைதேர்ந்தவருக்குக் கிருமிநீக்கப் பரிசோதனை, தர உறுதி என்று மேலே போக வழி உண்டு. நேர்முகத்துக்கு முன் இந்திய மருந்தியல் தரநூலில் ஊசிக்கான தண்ணீர் பற்றிய பகுதியை அவர் ஒருமுறை படித்துவிடட்டும். மற்ற பரிசோதனைகளிலும் சுழற்சி முறையில் பயிற்சி தருவார்களா, இரவில் வீடு திரும்ப வண்டி உண்டா, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு என்று அவரே கேட்கட்டும். அசல் சான்றிதழ்களை யார் கேட்டாலும் சரிபார்க்கக் காட்டிவிட்டு, கையோடு திரும்ப வாங்கிவரச் சொல்லுங்கள்.