பேஸ்பால் கேள்வி-பதில்: முதல் வாரத்துக் கொண்டாட்டமும் புலம்பலும்

கே: எங்கள் அணி முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கில் தோற்றுவிட்டது. ஆபீசில் எல்லோரும் ‘இந்த வருஷம் அவ்வளவுதான்’ என்கிறார்கள். எத்தனை ஆட்டம் வரை பொறுக்கலாம்? (டல்லஸ் வாசகர்)

ப: என் கணக்குக்கு நாற்பது. ஐபிஎல் லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டம், மேஜர் லீக் பேஸ்பாலில் 162. அங்கே ஒரு தோல்விக்கு உள்ள கனம் இங்கே வர வேண்டுமென்றால் பதினொன்றரைத் தோல்வி சேர வேண்டும். 2024-இல் 121 ஆட்டம் தோற்ற சிகாகோ ஒயிட் சாக்ஸ்கூட 41 ஆட்டம் வென்றது. 2001-இல் 116 வென்ற சியாட்டில் மரினர்ஸும் 46 தோற்றது. நடுவில் ஏதோ ஐந்து ஆட்டத்தை உருவி எடுத்தால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம்.

வாஷிங்டன் நேஷனல்ஸ் 2019-இல் முதல் 50 ஆட்டங்களில் 31 தோற்றது. அந்த அக்டோபரில் உலகத் தொடரை (சாம்பியன் பட்டத்துக்கான கடைசித் தொடர்) வென்றதும் அதே அணிதான். (என் நாற்பதுகூட அவர்களுக்குப் போதவில்லை.) மில்வாக்கி ப்ரூவர்ஸ் 1987-இல் முதல் 13 ஆட்டங்களையும் வென்றது. மே மாதம் வரிசையாக 12 தோற்று, கடைசியில் ப்ளே-ஆஃப் பக்கமே போகவில்லை. தொடக்கமே முடிவைச் சொன்ன வருஷங்களும் உண்டு. 1984-இல் டெட்ராய்ட் டைகர்ஸ் 40 ஆட்டங்களில் 35 வென்று கோப்பை வரை போனது. 1988-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் முதல் 21-ஐயும் தோற்று எழுந்திருக்கவே இல்லை. ஆனால் இவை இரண்டுமே ஐந்து ஆட்டக் கதைகள் அல்ல.

இப்போதைக்கு வெற்றி தோல்வியை விட்டுவிட்டு ரன் வித்தியாசத்தைப் பாருங்கள். நான்கு தோல்வியும் ஒரே ஒரு ரன்னில் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவது வரை முன்னிலையில் இருந்து கோட்டை விட்டிருந்தால் கோளாறு ரிலீஃப் பிட்சர்களிடம் (முதலில் வீசியவருக்குப் பதிலாக இறங்கும் பந்துவீச்சாளர்கள்). எதிரணியில் யார் வீசினார் என்பதையும் கவனியுங்கள். தொடக்க ஆட்டத்தில் ஒவ்வோர் அணியும் தன் முதல் நம்பர் பிட்சரை இறக்கும். அவரிடம் மூன்று ஹிட்டோடு (பந்தை அடித்துவிட்டு பத்திரமாக பேஸ் சேர்ந்தால் ஒரு ஹிட்) சுருண்டது உங்கள் பேட்டர்களின் தரத்தைப் பற்றி எதையும் சொல்லாது.

கே: எங்கள் செகண்ட் பேஸ்மேன் .400 அடித்துக்கொண்டிருக்கிறார். நம்பலாமா? (நியூஜெர்சி வாசகர்)

ப: முதல் வாரம் என்றால் சுமார் 25 அட்-பேட் (மட்டை பிடித்த முறை). அதில் .400 என்பது 10 ஹிட். சாதாரண .260 பேட்டருக்கே ஆறு, ஏழு வரும். ஆக வித்தியாசம் மூன்று ஹிட்தான். அதில் இரண்டு, ஃபீல்டரின் கிளவுஸ் நுனியைத் தாண்டிப் போன பந்தாக இருக்கும். 30 அணிக்கு ஒன்பது பேர் வீதம் 270 பேட்டர்கள். அத்தனை பேரும் .260 ஆட்கள்தான் என்று வைத்துக்கொண்டாலும், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே இருபது பேருக்கு மேல் இந்த வாரம் .400-இல் நிற்பார்கள். அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் முழு சீசனும் அப்படி அடித்த கடைசி ஆள் டெட் வில்லியம்ஸ், 1941-இல், .406.

சீக்கிரம் நம்பத்தக்க எண் வேண்டுமென்றால் ஸ்டிரைக்-அவுட்டை (மூன்று ஸ்டிரைக் விழுந்து அவுட் ஆவது) பாருங்கள். போன வருஷம் நான்கு முறைக்கு ஒருமுறை ஸ்டிரைக்-அவுட் ஆனவர், இப்போது அறுபது முறை மட்டை பிடித்தும் எட்டு முறைக்கு ஒருமுறைதான் ஆகிறார் என்றால், ஏதோ மாறியிருக்கிறது. பிட்சருக்கு வேகம். அதையும் போன செப்டம்பரோடு ஒப்பிடாதீர்கள்; ஏப்ரல் குளிரில் எல்லோருக்குமே வேகம் கொஞ்சம் குறையும். போன ஏப்ரலோடு ஒப்பிட்டு, அப்போதும் மணிக்கு இரண்டு மைல் குறைவு என்றால் தோளையோ முழங்கையையோ சந்தேகிக்கலாம்.

கே: தொடக்க நாளில் மூன்று ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்தவர் அந்த வருஷம் எத்தனை அடிப்பார்?

ப: 1994-இல் சிகாகோ கப்ஸின் டஃபி ரோட்ஸ் முதல் ஆட்டத்தில், அதுவும் ட்வைட் குடன் பந்தில், மூன்று அடித்தார். அந்த சீசனில் மொத்தம் எட்டு. அன்றைய ஆட்டத்திலும் கப்ஸ் தோற்றது.

கே: பிட்சர் அருமையாக வீசிக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் வெளியே எடுக்கிறார். ஸ்டேடியமே கூச்சல் போடுகிறது. ஏன் இப்படி? (சான் ஹோசே வாசகி)

ப: பயிற்சி முகாமில் பிட்சர் 30 பந்து அளவில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் பதினைந்து பந்து போலக் கூட்டிக்கொண்டு வருவார். ஐந்தாறு முறை வீசினால்தான் 90-ஐத் தொட முடியும். மார்ச் இறுதியில் பலர் 80, 85-இல்தான் நிற்கிறார்கள். களைத்த கை வீசும் முறையை மாற்றிக்கொள்ளும், முழங்கை அதற்கு விலை கொடுக்கும்.

2022 ஏப்ரல் 13, மினியாபோலிஸ். டாட்ஜர்ஸின் கிளேட்டன் கெர்ஷா ஏழு இன்னிங்ஸ் வீசி ஒரு பேட்டரைக்கூட பேஸுக்கு விடவில்லை: 21 பேர், 21 அவுட், 13 ஸ்டிரைக்-அவுட். இன்னும் ஆறு அவுட் எடுத்தால் பெர்ஃபெக்ட் கேம். 80 பந்தோடு எடுத்துவிட்டார்கள். அந்த வருஷம் லாக்-அவுட்டால் (ஒப்பந்தத் தகராறில் உரிமையாளர்கள் வீரர்களை வெளியே நிறுத்தியது) முகாம் சுருங்கிப்போனது, அன்று கடும் குளிர், முந்தைய சீசன் முடிவில் முன்கை வலி. கெர்ஷாவே முடிவு சரி என்றார். ரசிகர்களுக்கு இன்னும் ஆறவில்லை. எனக்கும் மேனேஜர் செய்தது சரியாகத்தான் படுகிறது.

கே: டார்பிடோ பேட் ஏமாற்று வேலைதானே? தடை செய்ய வேண்டாமா?

ப: வேண்டாம். விதி கேட்பது ஒரே துண்டு மரம், அதிகபட்ச விட்டம் 2.61 அங்குலம், நீளம் 42 அங்குலம். தடித்த பகுதி எங்கே இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. இந்த மட்டையில் நுனிப் பக்க மரத்தைக் குறைத்து, கைப்பிடிக்குச் சற்று நெருக்கமாகக் கூட்டியிருக்கிறார்கள். வழக்கமாக மட்டையின் உட்பக்கத்தில் பந்து படும் பேட்டருக்கு இது லாபம். நுனியில் படுபவருக்கு நஷ்டம்.

2025 மார்ச் 29 அன்று யாங்கீஸ் ஒன்பது ஹோம் ரன் அடித்து ப்ரூவர்ஸை 20-9 என்று நொறுக்கியதும்தான் இந்தக் கூப்பாடு கிளம்பியது. அன்று மூன்று அடித்த ஆரன் ஜட்ஜ் பிடித்திருந்தது பழைய மட்டை!

கே: ஸ்டிரைக் முறையீட்டை எங்கள் ஆட்கள் இரண்டாவது இன்னிங்ஸிலேயே தீர்த்துவிடுகிறார்கள். வெறுப்பாக இருக்கிறது.

ப: பந்து ஸ்டிரைக்கா (எல்லைக்குள் வந்ததா), பாலா (வெளியே போனதா) என்ற நடுவர் தீர்ப்பை எதிர்த்துக் கேட்க, 2026 சீசன் முதல் வந்த முறை இது. அணிக்கு இரண்டு முறையீடு. சரியாக இருந்தால் கையிலேயே இருக்கும், தவறினால் ஒன்று போச்சு. பேட்டர், பிட்சர், கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) மூவரில் ஒருவர் உடனே தலையைத் தட்ட வேண்டும். மற்ற ஆட்கள் உட்காரும் டக்-அவுட்டிலிருந்து யாரும் சைகை காட்டக் கூடாது. எல்லை பேட்டரின் உயரத்தில் 27 சதவீதத்திலிருந்து 53.5 சதவீதம் வரை. ஆறடி ஆளுக்குத் தரையிலிருந்து சுமார் பத்தொன்பதரை அங்குலம் முதல் முப்பத்தெட்டரை வரை.

பயிற்சி ஆட்டச் சோதனையில் அதிகம் சரியாகக் கேட்டவர்கள் கேட்சர்கள், அதிகம் தவறியவர்கள் பிட்சர்கள். தான் வீசிய பந்து எவனுக்கும் ஸ்டிரைக்காகத்தான் தெரியும். பேஸில் ஆள் இல்லாமல், முதல் பந்துக்கு முறையிடுவது காசைக் கரியாக்கும் வேலை. மூன்று பால், இரண்டு ஸ்டிரைக் நிலைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

கே: ஏப்ரலில் கிளீவ்லண்டில் ஏன் ஆட்டம் வைக்கிறார்கள்? (ஒஹாயோ வாசகர், போர்வையோடு)

ப: 162-ஐ அக்டோபருக்கு முன் முடிக்க வேறு வழியில்லை. அதனால்தான் திறந்த ஸ்டேடியங்களில் தொடக்க ஆட்டத்துக்கு மறுநாளைப் பெரும்பாலும் காலியாக விடுகிறார்கள். டிக்கெட் எடுக்கும்போது அந்த நாளையும் ஒதுக்கி வையுங்கள். குளிரில் காற்று அடர்த்தியாகிப் பந்தை இழுத்துப் பிடிக்கும்: வெப்பநிலை பத்து டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால் 400 அடி பறக்க வேண்டிய பந்து மூன்று, நான்கு அடி முன்னாலேயே விழும்.

2007-இல் உங்கள் ஊரில் பால் பிர்ட் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் வீசி, 4-0 என்று முன்னிலை. ஐந்தாவது இன்னிங்ஸில் இன்னும் ஒரு ஸ்டிரைக் விழுந்தால், பாதியில் நின்றாலும் ஆட்டம் செல்லுபடியாகும். அந்த நேரம் பார்த்துப் பனி கொட்டியது, எதிரணி மேனேஜர் ‘என் ஆளுக்குப் பந்தே தெரியவில்லை’ என்று நடுவரிடம் போய் நின்றார். ஆட்டம் ரத்து. அடுத்த தொடரை மில்வாக்கியில் கூரைக்குக் கீழே ஆடினார்கள்.

கே: சென்னையில் எப்போது பார்க்கலாம்?

ப: கோடை நேரம் அமலில் இருக்கும் வரை அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு ஒன்பதரை மணி கூட்டுங்கள். அங்கே பகல் 1.05 ஆட்டம் இங்கே இரவு 10.35; மாலை 7.05 ஆட்டம் மறுநாள் விடிகாலை 4.35. லாஸ் ஏஞ்சலஸ் மாலை 7.10 ஆட்டம்தான் நமக்கு வசதி, மறுநாள் காலை 7.40-க்கு காபியோடு பார்க்கலாம்.