வாசகர் கேள்வி பதில்: என்.சி.சி.ல சேத்தா பட்டாளத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்களா?

கேள்வி: சார், என் பொண்ணு மதுரைல ஒரு காலேஜ்ல இந்த வருஷம் பி.எஸ்சி. சேந்துருக்கா. என்.சி.சி.ல, அதான் தேசிய மாணவர் படைல, சேரணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. அவ அப்பா வேணாங்குறார். வெயில்ல நின்னு கருத்துப் போயிருவ, கேம்ப்புன்னு வெளியூர்ல தங்கணும், கடைசில பட்டாளத்துக்கே இழுத்துட்டுப் போயிருவாங்கங்குறார். ஃபார்ம்ல கையெழுத்துப் போட மாட்டேங்குறார். என்ன செய்ய?
– ஒரு அம்மா, உசிலம்பட்டி

பதில்: அம்மா, அவர் போடலேன்னா நீங்க போடுங்க, மிச்சத்த அப்புறம் பொறுமையா வாசிக்கலாம். ஏன்னா காலேஜ் தொறந்த கொஞ்ச நாள்லயே முதல் வருஷப் பிள்ளைகள்லதான் ஆள் எடுப்பாங்க, சீட்டு கம்மி, ஓட விட்டுப் பாத்து ரெண்டு கேள்வி கேட்டு எடுப்பாங்க, இத விட்டுட்டா மூணு வருஷம் முடிச்சு 'சி' சர்ட்டிபிகேட், அதாவது என்.சி.சி.ல இருக்குறதுலயே பெரிய சர்ட்டிபிகேட், வாங்குறது கஷ்டம்.

பட்டாளத்துக்கு இழுத்துட்டுப் போறதெல்லாம் கிடையவே கிடையாது. என்.சி.சி.ங்குறது 1948ல சட்டம் போட்டு ஆரம்பிச்சது, அந்தச் சட்டத்துலயே இதுல சேந்ததால ராணுவத்துல வேலை பாக்கணும்னு கட்டாயம் இல்லேன்னு இருக்கு. 1949லயே பொம்பளப் பிள்ளைகளுக்கும் தனிப் பிரிவு வந்துருச்சு. உங்க வீட்டுக்காரர்கிட்ட இத மட்டும் சொன்னாலே பாதி பயம் போயிரும்.

கேம்ப் பத்தி அவர் பயப்படுறதுல நியாயம் இருக்கு, அத நான் லேசாச் சொல்ல மாட்டேன். வருஷாந்திரக் கேம்ப் பத்து நாள். பொண்ணுகளுக்குத் தங்குற எடம் தனி, பொம்பளப் பயிற்சியாளர் உண்டு, பொறுப்புக்கு லேடி ஆபீசர் உண்டு. எந்த மேடம் கூடப் போறாங்க, அவங்க நம்பர் என்ன, எங்க தங்க வைக்கிறாங்க, எப்ப போன்ல பேசலாம்னு போறதுக்கு முன்னாடியே கேட்டு வாங்குங்க, கேக்குறது உங்க உரிமை. குளிக்க வரிசை, சாப்பிடத் தட்டும் டம்ளரும் கையில வச்சுட்டு வரிசை, விடியக்காலைல விசில் ஊதுனதும் ஓடணும், வசதியெல்லாம் எதிர்பாக்கக் கூடாது. புது பூட்ஸ் முதல் வாரம் குதிகால்ல கொப்புளம் போட வச்சுரும், தடிச்ச சாக்ஸ் ரெண்டு ஜோடி அதிகமா வச்சு விடுங்க. நாப்கினும் போதுமான அளவு வச்சு விடுங்க, அந்த நாள்ல முடியலேன்னா மேடம்கிட்டக் கூச்சப்படாமச் சொல்லச் சொல்லுங்க.

கருத்துப் போயிருவங்குற பேச்ச மட்டும் வீட்டுல இனிமே எடுக்க வேணாம்னு சொல்லுங்கம்மா. உங்க ஊர்ப்பக்கம் காடுகரைல களையெடுக்குற பொம்பளைக யாரும் வெயிலுக்குப் பயந்து வீட்டுல உக்காந்துருக்கல, அவங்க பெத்த பிள்ளைகதான இன்னைக்கு மதுரைல காலேஜ் படிக்குதுக.

என்.சி.சி.ன்னா எல்லாரும் மார்ச் பண்றதத்தான் நினைக்கிறாங்க. எனக்கு அதுல பெருசாத் தெரியுறது வேற. முதல் வருஷம் பேரக் கேட்டாலே தரையப் பாக்குற பிள்ளைய மூணாவது வருஷம் ஒரு ஸ்குவாட் (வரிசையா நிக்கிற அணி) முன்னாடி நிறுத்தி நீ கமாண்ட் குடுன்னு சொல்லுவாங்க. தொண்டைல இருந்து கத்துனா பின் வரிசைக்குக் கேக்காது, அடிவயித்துல இருந்து சத்தம் வரணும், அதுவும் சரியான காலு தரைல விழுகுறப்பச் சொல்லணும், தப்பாச் சொன்னா அத்தன பேரும் தப்பாத் திரும்புவாங்க, அவ அங்கயே நின்னு சரி பண்ணணும். தன்னோட வார்த்தைக்கு அத்தன பேர் அசையுறாங்கங்குற பொறுப்பு ஒரு பொண்ணுக்கு வேற எங்க கிடைக்கும் சொல்லுங்க? நம்ம வீடுகள்ல அத யாரும் குடுக்கறதில்ல.

கேள்வி: நான் தமிழ் மீடியம், கண்ணாடி போட்டுருக்கேன். கமாண்ட் எல்லாம் ஹிந்திலன்னு ஃப்ரண்ட்ஸ் பயமுறுத்துறாங்க. ஆர்மி ஆபீசர் ஆகணும்னு ஆசை, என்.சி.சி. உதவுமா?
– காலேஜ் சேரப்போற தம்பி, மேலூர்

பதில்: தம்பி, சாவ்தான் (நேரா நில்லு), விஷ்ராம் (ஓய்வா நில்லு), தாஹினே முட் (வலப்பக்கம் திரும்பு), பாயே முட் (இடப்பக்கம் திரும்பு)னு கொஞ்சம் வார்த்தைகதான். நாலஞ்சு பரேடு போனா காலே புரிஞ்சுக்கும். கண்ணாடி போட்டவங்க எத்தனையோ பேர் என்.சி.சி.ல இருக்காங்க, ஆனா ஆர்மிக்கு மெடிக்கல் தனி, அதனால இப்பவே ஒரு கண் டாக்டர்கிட்டப் பவர் எவ்வளவுன்னு பாத்து வச்சுக்க.

'சி' சர்ட்டிபிகேட்ல குறைஞ்சது 'பி' கிரேடு, டிகிரில 50 சதவீதம் இருந்தா ஆர்மி ஆபீசர் ஆகுறதுக்கு என்.சி.சி. பிள்ளைகளுக்குன்னே இருக்குற என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரில அப்ளை பண்ணலாம். இதுக்கு யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு கிடையாது, ஷார்ட்லிஸ்ட் ஆனா நேரா எஸ்.எஸ்.பி. (ஆபீசர்கள தேர்ந்தெடுக்குற போர்டு) இன்டர்வியூ, அதுலயும் மெடிக்கல்லயும் தேறி மெரிட்ல வந்தா சென்னை பரங்கிமலைல இருக்குற ஓ.டி.ஏ.ல, அதாவது ஆபீசர் பயிற்சி அகாடமில, ட்ரெயினிங். பொண்ணுகளுக்கும் உண்டு. அக்னிவீர், தமிழ்நாடு போலீஸ் தேர்வுலயும் என்.சி.சி.க்கு மார்க் குடுப்பாங்க. ஆனா பரேடுக்கு 75 சதவீதம் வருகை இல்லேன்னா சர்ட்டிபிகேட் பரீட்சையே எழுத முடியாது, பாதிப் பேர் கோட்ட விடுறது இங்கதான். அதோட இங்கிலீஷ் பேசிப் பழகு தம்பி, எஸ்.எஸ்.பி.ல அது ரொம்ப வேணும்.

கேள்வி: பையன் எட்டாவது. சொல் பேச்சு கேக்குறதில்ல, எந்நேரமும் போன். மிலிட்டரி ஸ்டைல்ல ஒழுக்கம் கத்துக்குடுக்குறோம்னு ஒரு தனியார் அகாடமில பெரிய தொகை கேக்குறாங்க. சேக்கலாமா?
– ஒரு அப்பா, திருமங்கலம்

பதில்: பணத்தக் கட்டுறதுக்கு முன்னாடி பையன் ஸ்கூல் ஹெச்.எம். கிட்டப் போய் ஸ்கூல் பசங்களுக்கான ஜூனியர் டிவிஷன் என்.சி.சி. இருக்கான்னு கேளுங்க. ரெண்டு வருஷம், 'ஏ' சர்ட்டிபிகேட், பொதுவா ஃபீஸ் கிடையாது. பையனுக்கே நெசமா ஆசை இருந்தா அமராவதிநகர் சைனிக் ஸ்கூல்ல (ராணுவ ஆபீசர் ஆகத் தயார் பண்ற ஹாஸ்டல் ஸ்கூல்) ஒன்பதாவதுக்கு நுழைவுத் தேர்வு இருக்கு, அங்க ஃபீஸ் உண்டு, ஸ்காலர்ஷிப்பும் உண்டு.

தனியார்ல எல்லாமே மோசம்னு சொல்ல மாட்டேன். ஆனா அவங்க குடுக்குற சர்ட்டிபிகேட் என்.சி.சி. சர்ட்டிபிகேட்டுக்குச் சமம் இல்ல, அப்பிடிச் சொன்னாங்கன்னா அங்கயே எந்திரிச்சு வந்துருங்க. சொல்லாமக் கொள்ளாம ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல போய் நில்லுங்க. பிள்ளைக மூஞ்சியப் பாருங்க, தப்பு பண்ணா என்ன தண்டனைன்னு வாத்தியார்கிட்ட இல்ல, பிள்ளைககிட்டக் கேளுங்க. அடிக்கிறாங்கன்னு தெரிஞ்சா சேக்கவே வேணாம். தண்டனையா நினைச்சு அனுப்புனீங்கன்னா பையன் திரும்பி வந்து உங்ககூடப் பேசுறதையே நிறுத்திருவான், அதனால கூட்டிட்டுப் போய் எடத்தக் காட்டுங்க, அவன் சரின்னு சொன்னா மட்டும் பணம் கட்டுங்க.