வில்லுக்கு மரம் பார்த்தல்: கேள்வி பதில்

ஒன்டாரியோவில் பல ஆண்டுகளாக ஒற்றைக் கட்டையில் வில் செதுக்கி வருகிறேன். வந்து சேர்ந்த கேள்விகளுக்கு என்னால் இயன்றவரை பதில் எழுதியிருக்கிறேன். வில்லில் இலக்கை நோக்கியிருக்கும் பக்கத்தை முதுகு என்றும், எய்பவரை நோக்கியிருக்கும் பக்கத்தை வயிறு என்றும் குறிப்பிடுகிறேன். நாணை இழுக்கும்போது முதுகு நீளும், வயிறு அமுங்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

ஸ்கார்பரோவிலிருந்து ஒருவர்: ஐயா, நண்பரின் தோட்டத்தில் ஹிக்கரி, ஆஷ், எல்ம் மூன்றும் நிற்கின்றன. வில்லுக்கு எது சிறந்த மரம்?

மூன்றிலும் நல்ல வில் செய்யலாம். டென்மார்க்கின் ஹோல்மகோர் சதுப்பு நிலத்தில் 1944இல் கிடைத்த, ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழமையான வில் எல்ம் மரத்தால் ஆனது. மரத்தின் பெயரை விட்டுவிட்டு அதன் அடிமரத்தைப் பாருங்கள். ஆறு முதல் பத்து அங்குலக் குறுக்களவும், கிளையே இல்லாத ஆறு அடி நீளமும் வேண்டும். அடுத்ததாகப் பட்டையின் வெடிப்புக் கோடுகள் நேராக மேலே செல்கின்றனவா, மரத்தைச் சுற்றிக்கொண்டு ஏறுகின்றனவா என்று கவனியுங்கள். சுற்றி ஏறினால் உள்ளே நாரும் முறுக்கிக்கொண்டிருக்கும். அதைப் பிளந்தால் விமானத்தின் காற்றாடி போன்ற கட்டைதான் கிடைக்கும்.

மரம் சாய்ந்து நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சாய்ந்த மரம் உள்ளுக்குள் இறுக்கத்தோடு வளர்ந்திருப்பதால், பிளந்தவுடன் கட்டை தானாகவே வளையக்கூடும். கட்டையை ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளக்கவும். ரம்பம் நாரைக் குறுக்கே வெட்டிச் செல்லும், ஆப்போ நார் போகும் வழியிலேயே போகும். பிளந்த அன்றே, மாலை வரை தள்ளிப் போடாமல், இரு முனைகளுக்கும் மரப்பசையைக் கெட்டியாகப் பூசுங்கள். பூசாவிட்டால் முனையிலிருந்து ஈரம் வேகமாக வெளியேறி, ஓர் அடி ஆழத்துக்குக்கூட வெடிப்பு ஓடிவிடும்.

லண்டனிலிருந்து ஒருவர்: ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருந்தால் மரம் உறுதியானது என்கிறார்களே?

யூ மரத்துக்கு அது பொருந்தும். அது ஊசியிலை வகை, அதற்குக் குழல் துளைகள் இல்லை. குளிர்ந்த உயரமான இடங்களில் மெதுவாக வளர்ந்த மரம் அடர்ந்திருக்கும். இங்கிலாந்து தன் நெடுவில்லுக்கு வேண்டிய யூ கட்டைகளை ஐரோப்பாவிலிருந்து வாங்கியது. 1472ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வந்திறங்கும் சரக்கில் டன்னுக்கு நான்கு வில் கட்டைகள் சேர்ந்து வர வேண்டும் என்றே கட்டாயப்படுத்தியது.

ஆஷ், ஹிக்கரி, ஓசேஜ் ஆரஞ்சு (வட அமெரிக்காவின் ஒரு வில் மரம்) ஆகியவற்றில் கணக்கு தலைகீழாகிறது. இவை ஒவ்வொரு வசந்தத்திலும் பெரிய துளைகள் நிறைந்த ஒரு மென்மையான வரியையும், கோடையில் கெட்டியான ஒரு வரியையும் இடுகின்றன. வளையம் மிகவும் மெலிந்துபோனால் துளை வரிகளே மிஞ்சும், கெட்டி வரிக்கு இடமிருக்காது. அப்படிப்பட்ட ஆஷ் கட்டை பிஸ்கட்டைப் போல முறியும். அறுத்த முனையை உளியால் வழவழப்பாகச் சீவி, எச்சில் தொட்டுத் தடவிப் பார்த்தால் இரண்டு வரிகளும் தெளிவாகத் தெரியும். கெட்டி வரி குறைந்தது இரண்டு பங்கும் துளை வரி ஒரு பங்கும் இருக்கும் கட்டையை எடுங்கள்.

வின்ட்சரிலிருந்து ஒருவர்: வண்டு அரித்துப் பட்டுப்போன ஆஷ் மரங்கள் இங்கே ஏராளம். பயன்படுமா?

2002இல் உங்கள் ஊர்ப் பக்கமும் எல்லைக்கு அப்பால் டெட்ராய்ட் பக்கமும் முதலில் கண்டறியப்பட்ட அந்தப் பச்சை வண்டின் புழு, பட்டைக்கு அடியில் பாம்பு நெளிந்தது போன்ற பாதைகளை அரித்துச் செல்கிறது. அந்தப் பாதைகள் விழுவது பட்டையை ஒட்டிய கடைசி வளையத்தில். ஆஷில் நாம் வில்லின் முதுகாக வைக்கும் வளையமும் அதுவே. ஆகவே அரிபட்ட வளையத்தை முழுவதுமாக நீக்கி, அதற்கு அடியிலுள்ள ஒரே வளையத்தை முனை முதல் முனை வரை அறுபடாமல் வெளிக்கொணர வேண்டும்.

அதில் நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன். என் இரண்டாவது ஆஷ் வில்லில், சிறு கணு ஒன்றின் அருகே இழுப்புக் கத்தி சற்றே ஆழமாக இறங்கி, நகக்கண் அளவுக்கு வளையம் அறுந்தது. தேய்த்துச் சமமாக்கியபின் கண்ணுக்குத் தெரியவில்லை. இருபத்துநான்கு அங்குலம் இழுத்தபோது, சரியாக அந்த நகக்கண் இடத்தில் ஒரு சிம்பு எழும்பியது. அடுத்த நொடி வில் இரண்டாகியிருந்தது. பட்டுப்போய் இரண்டு மூன்று ஆண்டுகள் நின்ற மரத்தைத் தொடவே வேண்டாம், உள்ளே பூஞ்சை ஏறியிருக்கும். ஆஷ் கட்டையை ஊர் விட்டு ஊர் கொண்டுபோனால் வண்டும் கூடவே பரவும் என்பதால், வெட்டிய இடத்திலேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். முனைகளுக்குப் பசை பூச மறக்க வேண்டாம்.

சென்னையிலிருந்து ஒருவர்: தேக்கில் செய்யலாமா?

கதவு செய்யுங்கள்.

மார்க்கம் நகரிலிருந்து ஒருவர்: வீட்டு வேலியில் யூ செடி இருக்கிறது. அதை வெட்டலாமா?

வேலியாகக் கத்தரித்து வளர்த்ததில் அங்குலத்துக்கு ஒரு கணு இருக்கும், வில்லுக்கு ஆகாது. அத்துடன் யூ மரத்தில் சிவந்த சதைப்பழத்தைத் தவிர இலை, விதை, பட்டை யாவும் நஞ்சு. இழைப்பவர்கள் முகக்கவசம் அணிந்து, தூளை வீட்டுக்கு வெளியே கூட்டித் தள்ள வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்: நாங்கள் மூன்று தலைமுறைத் தச்சர்கள். வெளிறு (பட்டையை ஒட்டிய வெளி மரம்) உளுத்துப் போகும், வைரமே (நடுவிலுள்ள முதிர்ந்த மரம்) நிற்கும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. யூ வில்லில் வெளிற்றை முதுகில் வைப்பதாகப் படித்தேன். நம்ப முடியவில்லை.

நிலைக்கும் கட்டிலுக்கும் நீங்கள் சொல்வதில் மறுப்பே இல்லை. அவை அசையாமல் ஐம்பது ஆண்டுகள் நிற்க வேண்டும், பூச்சியிடமிருந்து தப்ப வேண்டும். வில்லின் வேலை வேறு. யூ மரத்தின் வெளிறு நன்றாக நீண்டுகொடுக்கும், வைரம் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். ஆகவே வெளிறு முதுகிலும் வைரம் வயிற்றிலும் அமைகின்றன. 1545இல் மூழ்கி 1982இல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் முழுமையாகக் கிடைத்த 137 வில்களும் யூ வில்கள்தாம். முதுகில் வெளிறும் வயிற்றில் வைரமுமாக அமைவதே அவ்வகை வில்லின் இலக்கணம்.

அவரே மீண்டும்: அப்படியானால் ஓசேஜ் ஆரஞ்சில் மட்டும் வெளிற்றைச் சீவி எறிவது ஏன்?

நல்ல பிடி. ஓசேஜ் வைரம் இழுவையையும் அமுக்கத்தையும் ஒருங்கே தாங்குவதால் அதற்கு வெளிற்றின் துணை தேவையில்லை. அதன் வெளிறு மெல்லியது, பூச்சியும் அதில் எளிதில் விழும். வெளிற்றோடு செய்த ஓசேஜ் வில்களும் வேலை செய்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹிக்கரி வில்லோ பெரும்பாலும் முழுக்க வெளிறுதான்.

மட்டக்களப்பிலிருந்து ஒருவர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மூங்கிலுக்கு இந்த வெளிறு, வைரக் கணக்கே பொருந்தாதே?

பொருந்தாது. புறத்தே காழ் (வைரம்) உடையது புல், அகத்தே காழ் உடையது மரம் என்று தொல்காப்பியம் பிரித்த பிரிவைத்தான் மூங்கிலைக் கையில் எடுத்தவுடன் நாம் உணர்கிறோம். மூங்கிலின் நார் தோலை ஒட்டி நெருங்கியும் உள்ளே செல்லச் செல்லத் தளர்ந்தும் இருக்கிறது. எனவே தோல் பக்கம் முதுகாக வேண்டும், அதன்மேல் கத்தி படவே கூடாது. கணு மேட்டை மட்டும் அரத்தால் லேசாகத் தேய்க்கலாம். நம் ஊரில் கல் மூங்கில் உகந்தது. மூன்று ஆண்டுக்குக் குறைந்த குருத்துக் கழியை எடுக்க வேண்டாம்.

நாகர்கோவில்காரர் மூன்றாவது முறையாக: முதுகுதானே நீள்கிறது? அப்படியானால் முறியும் வில்லெல்லாம் முதுகில் முறிவது மரம் இழுவைக்குப் பலவீனமானது என்பதைத்தானே காட்டுகிறது?

நேர்மாறு. நார்வாக்கில் மரம் இழுவையைத் தாங்கும் அளவு, அமுக்கத்தைத் தாங்கும் அளவைப்போலப் பெரும்பாலும் இரு மடங்கு. முதுகு முறிவதற்குக் காரணம் அறுபட்ட நார். நார் அறுபடாத வில்லில் முதலில் தோற்பது வயிறு. அது முறிவதில்லை, மெல்ல நசுங்கிக் குறுக்கே மயிரிழைக் கோடுகள் காட்டும், நாணைக் கழற்றிய பின்னும் வில் வளைந்தபடியே நிற்கும். உங்கள் பட்டறையில் ஒரு சாணளவுக் குச்சிகளாக, ஒன்றை ஆப்பால் பிளந்தும் மற்றொன்றை நாருக்குச் சாய்வாக ரம்பத்தால் அறுத்தும் எடுத்து, இரண்டையும் வளைத்துப் பாருங்கள். முடிவை எனக்கு எழுதுங்கள்.

கோவையிலிருந்து ஒருவர்: காண்டீவம் எந்த மரத்தால் ஆனது?

பாரதம் கற்றவரைக் கேளுங்கள்.

மதுரையிலிருந்து ஒருவர்: வேப்பமரம், புளியமரம், கருவேலம், இவற்றில் எது சிறந்தது?

முதல் பதிலைப் படிக்கவும்.

பிராம்ப்டனிலிருந்து ஒருவர்: எத்தனை மாதம் காய வைக்க வேண்டும்?

முழுக் கட்டையாக வைத்தால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது பழங்கணக்கு. வில்லின் உருவத்துக்குப் பருமட்டாகச் செதுக்கி, நெளியாதபடி பலகையில் கட்டி வைத்தால் சில மாதங்களில் காய்ந்துவிடும். வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வாருங்கள், எடை குறைவது நின்ற பிறகு செதுக்கலாம். ஈரப்பதம் எட்டு முதல் பத்து விழுக்காடு இருக்கட்டும். குளிர்காலத்தில் நம் வீடுகளில் சூடேற்றி ஓடும்போது காற்று மிகவும் வறண்டுவிடும், அப்போது வெப்பக்காற்றுத் துவாரத்துக்கு அருகே கட்டையை வைக்காதீர்கள்.

முதலில் கேட்ட ஸ்கார்பரோ அன்பர்: நண்பர் அனுமதித்தார், ஹிக்கரியை வெட்டிப் பிளந்து மூன்று நாட்களாகின்றன. ஒரு கட்டையின் முனையில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. வீணாகிவிட்டதா?

இல்லை. வெடிப்பு முடியும் இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி அறுத்துவிடுங்கள், மிச்சம் ஆறு அடி இருந்தால் போதும். பட்டையை உரித்திருந்தால் முதுகு முழுவதும் பூசுங்கள். முனைக்கு எப்போது பூசினீர்கள் என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.