நான்கு அரிசி மணிச் சுரப்பிகள்

கேள்வி: டயாலிசிஸில் இருக்கும் அப்பாவுக்குப் பாராதைராய்டு ஹார்மோன் ஏறிவிட்டதாம். சினகால்செட் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அது என்ன செய்யும்?

பதில்: கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன, ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும் இந்த ஹார்மோனைச் சுரப்பவை அவைதான். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று அவற்றின் செல்களில் உள்ள ஏற்பிகள் பார்த்துக்கொண்டே இருக்கும். சினகால்செட் அந்த ஏற்பியில் ஒட்டி அதைக் கூர்மையாக்கிவிடும், அதனால் இருக்கிற கால்சியமே போதும் என்று சுரப்பி ஹார்மோனைக் குறைத்துக்கொள்ளும்.

நல்ல மருந்துதான். ஆனால் ஹார்மோன் குறைவதால் ரத்தத்தில் கால்சியம் அளவுக்கு மேல் இறங்கிவிடக்கூடும். உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது, விரல் இழுத்துப் பிடிக்கிறது என்று அப்பா சொன்னால் தயவுசெய்து அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். அப்புறம், வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டோடு கொடுங்கள்.