எண்ணெயில்லாச் சமையல்: நாக்கு எப்போது பழகும்?

கேள்வி: பால், முட்டை, எண்ணெய் எல்லாம் விட்டு மூன்று வாரம் ஆகிறது. பொரியல் சப்பென்று இருக்கிறது. குழம்பிலோ காரம் மட்டும் தூக்கலாகத் தெரிகிறது. ஏன்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: மூன்று வாரம் போதாதம்மா. அமெரிக்காவில் ஊட்டச்சத்து ஆய்வாளர் ரிச்சர்ட் மேட்டஸ் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பின் மீதான விருப்பம் தணிந்தது 12 வாரப் பழக்கத்தில்தான். அதிலும், கொழுப்பு போலவே வாயில் வழுவழுக்கும் மாற்றுப்பொருட்களைச் சாப்பிட்டவர்களுக்கு அது குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை வடைக்கு இடம் கொடுத்தால் நாள் இழுக்கும் என்றே நினைக்கிறேன்.

மிளகாயின் காரம் கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால்தான் எண்ணெயில்லாக் குழம்பில் சுள்ளென்று பிடிக்கிறது. தூளில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள்; நாலு பேர் குழம்புக்கு ஒரு மேசைக்கரண்டி வறுத்த எள்ளை அரைத்து விடுங்கள்.

சப்பென்று இருப்பது தாளிப்புக் கோளாறு. வெறும் இரும்புச் சட்டியை மிதமான தீயில் காயவைத்து, கடுகும் உளுந்தும் போட்டு மூடுங்கள். வெடித்ததும் தனியே எடுத்து வைத்து, இறக்கும்போது தூவுங்கள். அதே சட்டியில் வெங்காயத்தைப் போட்டு, ஒட்டும்போது மட்டும் இரண்டு தேக்கரண்டி நீர் தெளியுங்கள். மொத்தமாக ஊற்றினால் வெந்துவிடும், சிவக்காது. உப்பில் கொஞ்சத்தைக் கடைசியில் மேலாகத் தூவினால் குறைவாகவே போதும். எலுமிச்சை, அடுப்பை அணைத்த பிறகு.

பால், முட்டையை விட்டிருப்பதால், வைட்டமின் பி12 மாத்திரைக்கு மட்டும் மருத்துவரைக் கேளுங்கள்.