அஞ்சு வருஷ வாரண்டி: கார் கோட்டிங் கேள்வி பதில்

பதினோரு வருஷம் ஷோரூமில் விற்பனை. இப்போது கோவையில் சொந்தமாக ஒரு டீட்டெய்லிங் கடை, அதாவது காரைக் கழுவி, பாலிஷும் கோட்டிங்கும் போடும் கடை. நானும் கோட்டிங் விற்றுத்தான் சாப்பிடுகிறேன், அதை மனதில் வைத்தே படியுங்கள்.

பல்லடம்: புது வண்டிக்குச் செராமிக் கோட்டிங் 28,000 ரூபாயாம், 5 வருஷ வாரண்டியாம். போடலாமுங்களா?

போடலாம், எதற்கு என்று தெரிந்து போடுங்கள். பெயிண்டின் மேலடுக்கான கிளியர் கோட்டே சுமார் 40, 50 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). செராமிக் அதன்மேல் ஒன்றிரண்டு மைக்ரான். சேறு லேசில் ஒட்டாது, கழுவுவது சுலபம், பளபளப்பு கொஞ்ச நாள் கூட நிற்கும். காரணம்பேட்டைப் பக்கம் கிரஷர் லாரிக்குப் பின்னால் போனால் தெறிக்கிற ஜல்லியை அது தடுக்காது. அதற்கு பிபிஎஃப் என்கிற, பெயிண்டைக் காக்கும் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டணும், அது 150 முதல் 200 மைக்ரான் வரை கனம்.

பணம் கட்டும் முன் வாரண்டி அட்டையைக் கேளுங்கள். வாயால் சொன்னதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஈரோடு: டெஃப்ளான் விலை குறைவு. அது போதாதா?

தோசைக்கல்லில் டெஃப்ளான் பிடிப்பது 300 டிகிரிக்கு மேல் சுட்டு எடுப்பதால். காரை அப்படிச் சுட முடியுமா? நல்ல மெழுகு பாலிஷ் என்று நினைத்து, அந்த விலைக்கு வந்தால் போடுங்கள்.

பொள்ளாச்சி: கோட்டிங்கின் கடினம் 9ஹெச், அப்படியென்றால் வைரத்துக்கு அடுத்த கடினம் என்றார்கள்.

அது பென்சில் கணக்கு. வரைபடம் போடுகிற 9ஹெச் பென்சிலால் கீறிப் பார்க்கிற சோதனை. தாதுக்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவுகோல் வேறு. துடைக்கிற துணியில் மணல் இருந்தால் கீறல் விழத்தான் செய்யும்.

காங்கேயம்: செராமிக் போட்டால் கல் தெறிப்பு தாங்குமா?

தாங்காது. முதல் பதில்.

அவிநாசி ரோடு, ஷோரூம் விற்பனை: அண்ணா, நீங்களும் விற்றவர்தானே? எங்களுக்கு இன்சென்டிவ் வருவதே இந்த மாதிரி ஐட்டத்தில்தான். கஸ்டமர் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குகிறார். இதில் என்ன தப்பு?

தம்பி, விற்பது தப்பில்லை. வருஷத்தை முதலில் சொல்லிவிட்டு நிபந்தனையைப் பணம் வாங்கின பிறகு காட்டுவதுதான் தப்பு.

நான் ஷோரூமில் இருந்தபோது பெருந்துறைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மஞ்சள் விற்ற காசை மஞ்சப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். பானட்டில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். முத்து முத்தாக உருண்டது. (முதல் நாளில் சாதா மெழுகு போட்டாலும் அப்படித்தான் உருளும். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.) "சாயம் போகாதில்ல?" என்றார். "அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்லீங்கய்யா" என்றேன்.

அட்டையில் இருந்தது வேறு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காசு கட்டி செக்கப், ஒன்று தவறினாலும் வாரண்டி செல்லாது, பறவை எச்சத்துக்குப் பொறுப்பில்லை. எல்லாம் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். கீழே அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார். ரெண்டாம் வருஷம் எச்சம் அரித்த பொட்டுகளோடு வண்டி வந்தது. "செக்கப்புக்கே வரலீங்களே" என்றேன். பானட்டைத் தடவியபடி, "நீ சொல்லலியே கண்ணு" என்றார். கையெழுத்து இருந்தது. நான் சொல்லவில்லை என்பதும் உண்மை.

அதே தம்பி: சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள். உங்கள் கடையில் வருஷக் கணக்குப் போர்டே இல்லையா?

இருக்கிறது. 5 என்று இருந்ததை 3 ஆக்கினேன். ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு அது சரி. வீதியில் வேப்பமரத்தடியில் நிற்கிற வண்டிக்கு அதிகம்தான். அதை வாயால் சொல்கிறேன், போர்டில் எழுதவில்லை. நீ கேட்டது நியாயம். ஆனால் சொன்னால் வாங்க மாட்டார்கள் என்கிறாயே, அப்படியென்றால் நாம் விற்பது கோட்டிங்கையா, சொல்லாமல் விட்டதையா?

திருப்பூர்: கோட்டிங் போட்ட வண்டிதான் இருக்கிறது, வேண்டாம் என்றால் டெலிவரி தள்ளிப்போகும் என்கிறார்கள், அண்ணா.

இதுதான் மோசம், அம்மிணி. ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்று தருவேன் என்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படியே கட்டுப்படுத்தும் வணிக முறை. அவர்கள் சொல்வதை எழுத்தில் கேளுங்கள், பாதிப் பேர் அங்கேயே இறங்கி வருவார்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்கள். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கோபி: சைலன்சர் துருவுக்கு என்ன அடிக்கலாம்?

என் துறை இல்லை. மெக்கானிக்கைக் கேளுங்கள்.

சூலூர்: கோட்டிங் போட்டும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. ஏமாற்றிவிட்டார்களா?

போர் தண்ணியில், வெயிலில் கழுவினீர்களா? அது உப்புக் கறை. இதில் விற்றவர் மேல் பழி இல்லை. நிழலில் கழுவி, ஈரம் காயும் முன் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

தாராபுரம்: 5 வருஷ வாரண்டி என்கிறார்கள், போடலாமா?

பில்லில் எழுதித் தருவார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.